நார்மல் என்று வந்த மூளைப்படம்

1

போன வாரம் வேலையிடத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்த நாட்டில் திட்டுவதென்றாலும் முதலில் தேநீர் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்கள். கோப்பையைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு நமக்குச் சரியான மண்டகப்படி என்று.

நான் லீட்ஸ் நகரத்துக்கு வெளியே இருக்கும் பெரிய மனநல மருத்துவமனை ஒன்றில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் அறையில் வேலை செய்கிறேன். அங்கே சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஜார்ஜ் என்று ஒருவர். பஸ் டிரைவராக இருந்தவர். வலிப்பு வர ஆரம்பித்ததும் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வேலை போய், வீட்டில் சும்மா உட்கார்ந்து, மனசும் கெட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். அன்றைக்குத் தலையில் கம்பிகளை ஒட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவருக்குக் கண் மேலே சொருகி, உடம்பு வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறவளே நான்தான். ஒருக்களித்துப் படுக்க வை, கழுத்துப் பட்டனைக் கழற்று, கையிலும் வாயிலும் எதையும் திணிக்காதே. அத்தனையும் தெரிந்தவளுடைய கை என்ன செய்தது தெரியுமா? கோட்டுப் பைக்குள் போய்ச் சாவிக்கொத்தை எடுத்து ஜார்ஜின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாய் வேறு, "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்த தலைமை நர்ஸ் இரண்டையும் பார்த்துவிட்டார்.

ஆபீஸில் கேட்ட அம்மாள் நல்ல மாதிரிதான். நோயாளியின் கையில் கூர்மையான பொருளை வைத்தது, நோயாளிக்குப் புரியாத மொழியில் பேசியது என்று இரண்டு குற்றம். "இது உங்கள் மத வழக்கமா?" என்று கேட்டார். இரும்புக்கு ஏது மதம்? ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மதம் என்றால் இவர்களுக்கு ஒரு பயம். அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள். அவரும் நிம்மதியாக எழுதிக்கொண்டு, இனிமேல் சாவியை லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அழுகை வந்தது. திட்டியதற்காக இல்லை. என் தங்கை தனம் இறந்து அந்த வாரத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. ஜார்ஜின் கையைப் பிடித்தபோது நான் பிடித்திருந்தது அவருடைய கையையே இல்லை.

2

ஊரில் என் வேலையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு என்று தெரியும். "வசந்தா சீமையில பைத்தியத்துக்கெல்லாம் கரண்டு வைக்கிறா" என்பார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இருந்தாலும் எழுதுகிற இந்தச் சமயத்தில் சொல்லிவிடுகிறேன். கரண்ட் வைக்கிற அறை வேறு, எங்கள் அறை வேறு. நாங்கள் எதையும் உள்ளே செலுத்துவதில்லை. மூளை தானாகவே ஓயாமல் துளித்துளியாக மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. தலையில் பசை வைத்து ஒட்டிய கம்பிகள் வழியாக அதை வாங்கி, வரிசையாக நிற்கும் பேனாக்கள் நீளக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே போகும். அந்தக் கிறுக்கலைப் படிப்பது டாக்டர் வேலை. கிறுக்கல் ஒழுங்காக விழும்படி பார்த்துக்கொள்வது என் வேலை.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் டாக்டர் ஒருவர் இந்த இயந்திரத்தோடு ஒரு பச்சை விளக்கைச் சேர்த்தார். உடம்பு அசையாமலும் மனசு தூங்காமலும் இருக்கிற நேரத்தில் மூளையில் ஒருவகை அலை வருமாம். அது வந்தால் விளக்கு எரியும். போய்விட்டால் அணையும். நோயாளிக்கு ஒரே வேலை, விளக்கை எரிய வைக்க வேண்டும். அந்த அலை அடிக்கடி வரப் பழகிவிட்டால் வலிப்பு குறையலாம், படபடப்பு அடங்கலாம், தூக்கம் வரலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

எப்படி எரிய வைப்பது என்று யாராலும் சொல்லித் தர முடியாது. நானே கம்பிகளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எரி, எரி என்று நினைத்தால் எரியவே எரியாது. சனியன் எப்படியோ போகட்டும் என்று விட்டால் எரியும். ஆகா எரிகிறதே என்று சந்தோஷப்பட்டால் அணைந்துவிடும். ஜார்ஜ் சொல்லுவார், "என் பெண்டாட்டியும் இதே மாதிரிதான், கெஞ்சினால் மிஞ்சுவாள்" என்று.

இதை ஏதோ மந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குக் குணம் தெரிந்தது. வீட்டு வாசலைத் தாண்டவே பயப்பட்ட ஒரு பெண் கடைத்தெரு வரை போய்வர ஆரம்பித்தாள். சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. மாதக்கணக்காக வந்த ஒரு மனிதர், கடைசியில் பசைக் கிண்ணத்தை என் மேல் வீசிவிட்டு, தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். விளக்கை எவ்வளவு பழகினாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவார்.

இன்னொரு விஷயம். அடிக்கடி வலிப்பு வருகிற ஆளுக்கும், வராத நேரத்தில் எடுத்தால் இந்தக் கிறுக்கல் படம் சுத்தமாக இருக்கும். ஐப்பசியில் ஒரு காலைப்பொழுது வெயில் அடித்தால் மழைக்காலம் முடிந்துபோய்விடுமா என்ன? படம் நார்மல் என்றால் அந்த அரைமணி நேரம் நார்மல் என்று மட்டும்தான் அர்த்தம். எங்கள் அறையில் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது. இந்த ஒரு வரியைத் திருச்சியில் அன்றைக்கு யாராவது என் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்.

3

எங்களுக்கு அரியலூருக்குப் பக்கத்தில் கடலையும் சோளமும் போடுகிற கொஞ்சம் மானாவாரி நிலம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா, நான், தனம். தனம் என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றவள் அப்படியே விழுந்து துடித்திருக்கிறாள். அன்றையிலிருந்து காக்கா வலிப்பு என்ற பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடமும் நின்றுபோனது.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. தாயத்து கட்டினாள். பஸ் ஏறி ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அம்மாவுக்கு மாதாவும் ஒன்றுதான், மாரியும் ஒன்றுதான். யாரோ சொன்னார்கள் என்று ஒருவனைக் கூட்டிவந்து மஞ்சளைச் சுட்டு தனத்தின் பின்கழுத்தில் சூடு போட வைத்தாள். அந்தத் தழும்பு கடைசிவரை போகவில்லை. நான் லீவில் வந்து கத்திய கத்தலில்தான் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் தனம் எப்போதும் தூங்கி வழிந்தாள். ஆனால் விழவில்லை.

பிறகு நான் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டேன். எழுபத்து மூன்றாம் வருஷம். நாலைந்து வருஷத்தில் தனத்துக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். அரும்பாவூர் மாமா, அம்மாவின் தம்பி, திருச்சியில் தலையைப் படம் எடுக்கும் மெஷின் வந்திருக்கிறது, எடுத்துப் பார்த்துவிட்டால் நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததைத் தனம் பின்னாளில் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

அம்மா அவளுக்கு விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து தலை சொட்டச் சொட்டத் தேய்த்து, இறுக்கிப் பின்னி, கனகாம்பரம் வைத்துக் கூட்டிப் போயிருக்கிறாள். எண்ணெய்த் தலையில் கம்பி ஒட்டுமா? படம் எடுக்கிறவர் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா, தலைக்கு எண்ணெ வைக்காம கூட்டியாங்கன்னு சொன்னாங்களா இல்லியா?"

"எண்ணெ வைக்காத தலையோட வயசுப் புள்ளைய எப்படிங்க சார் பஸ்ஸுல கூட்டியாறது? துக்க வூட்டுலேர்ந்து வர்றாப்ல இருக்காது?"

வராண்டாக் குழாயடியில் சோப்பு போட்டு மூன்று தடவை அலசியும் பிசுக்கு போகவில்லையாம். எப்படியோ ஒட்டி, எப்படியோ எடுத்து, படம் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். "நார்மல்னா என்னாங்க?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்மா" என்று பதில் வந்திருக்கிறது. பின்னால் வரிசையில் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஏது நேரம்?

ஒன்றுமில்லை என்ற வார்த்தையை அம்மா சாமியின் வாக்காக எடுத்துக்கொண்டாள். நேராகக் குலதெய்வத்திடம் போய், வேண்டிக்கொண்டபடி தன் தலையை மொட்டை அடித்துக்கொண்டு, கிடா வெட்டிப் பொங்கலும் வைத்தாள். நேர்த்திக்கடன் முடிந்தது. இனிமேல் மாத்திரை சாப்பிட்டால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். மாத்திரை டப்பாவைக் கோயில் குளத்திலேயே போட்டுவிட்டு வந்துவிட்டாள். அது அம்மாவின் கணக்கு. தன் முடியோடு மகளின் நோயையும் சாமியிடம் கொடுத்தாகிவிட்டது, கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். இங்கே ஆயிரம் பொய் தேவைப்படவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். மாப்பிள்ளை ராஜேந்திரன், அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். வீடு கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்போடு. அப்பா கிடையாது, அம்மா செல்லம்மாள் மட்டும். கல்யாணம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதியே வந்தது. இங்கிருந்து என்ன கத்தினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

4

இங்கே என் வீட்டுக்காரர் அஞ்சல் நிலையத்தில் வேலை. மகன் அருணுக்கு இப்போது பதினோரு வயது. தனத்தை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான், நாலு வயதிலோ ஐந்து வயதிலோ. அவளைச் சித்தி என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. "உன் தங்கை" என்றுதான் சொல்லுவான், அதுவும் ஆங்கிலத்தில். நாம் தமிழில் கேட்டால் அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற கட்டத்தைத் தாண்டி, நாம் தமிழில் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைக்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறோம்.

பச்சை விளக்கு வந்த புதிதில் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. எப்படியாவது தனத்தைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும். டாக்டரைக் கேட்டேன். "கூட்டிக்கொண்டு வா, ஆனால் நான் எந்த உறுதியும் தர மாட்டேன்" என்றார். அது போதும் எனக்கு. ஆபீஸ் ஆபீஸாக ஏற ஆரம்பித்தேன்.

எந்த ஜன்னலுக்குப் போனாலும் அடுத்த ஜன்னலைக் கை காட்டினார்கள். விசாவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில் வலிப்போ மனநோயோ உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் விடமாட்டார்கள். இல்லை என்றால் எதற்காக வருகிறாள் என்பார்கள். நோயாளியாக இருந்தால் வரக்கூடாது, நோயாளியாக இல்லாவிட்டால் வரத் தேவையில்லை. இந்த ஞாயத்தைக் கண்டுபிடித்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். அதையும் தாண்டி ஒரு வழி பார்த்தேன், வைத்தியத்துக்கென்றே தனியாக ஒரு விண்ணப்பம். ஆனால் ஊரில் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்குப் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார்.

அங்கேயே எல்லாம் வந்து முட்டி நின்றது. தனத்தின் தலைக்குள் இருப்பதை அவள் புருஷனிடம் யார் சொல்வது? சொன்னால் அவளை அனுப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்காகத் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். பிறந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில் காலம் தள்ளுகிற அவர்களைப் பார்த்துத்தான் தனம் வளர்ந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது இதை வீட்டுக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஏழெட்டு வயதுதான் ஆன அருண் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அவள் கணவரிடம் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டான்.

"அதெல்லாம் உனக்குப் புரியாதுடா."

"உங்கள் ஆட்களுக்கு எதையும் நேராகப் பேச வராது" என்றான். உங்கள் ஆட்கள். அவன் தட்டில் இருந்தது நான் செய்த ரசஞ்சோறு. வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு நான் கோபத்தில் எழுந்து போய்விட்டேன்.

5

எண்பத்து இரண்டில் லீவில் ஊருக்கு வந்தேன். ஒரு பை நிறைய மாத்திரை, ஒரு மனசு நிறையத் திட்டம். ராஜேந்திரனிடம் நானே பேசிவிடுவது என்ற முடிவோடு வந்தேன்.

தனத்துக்கு அப்போது கைக்குழந்தை, கயல்விழி. மாமியார் ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் முந்திரித் தோப்பில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். தனம் இளைத்திருந்தாள். வந்ததும் வராததுமாக மாமியார் புராணம் ஆரம்பித்தாள்.

"என்னை மனுசியாவே மதிக்கறதில்லக்கா. கெணத்தடிக்குப் போவாதங்குது. அடுப்புக்கிட்ட வராதங்குது. நான் மொண்டாந்தா தண்ணி ஆவாதாம், நான் பொங்கினா சோறு ஆவாதாம். எல்லாத்தையும் அதே செய்யும். உக்காருடி, உக்காருடின்னு ஒரு மூலையில உக்கார வச்சிருது. ஊருல என்னா நெனப்பாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைராசி இல்லாதவள் என்று ஒதுக்கி வைக்கிறாளா கிழவி, இரு, சந்தையிலிருந்து வரட்டும் என்று கறுவிக்கொண்டேன். பிறகு மெதுவாகக் கேட்டேன், "வருதாடி இன்னும்?"

தலையை ஆட்டினாள். "வரதுக்கு முன்னாடி ஒரு வாசன வரும்க்கா. முந்திரிக்கொட்ட கருகறாப்ல. ஒடனே குளிக்கிற ரூமுக்குள்ள போயி தாழ்ப்பா போட்டுக்குவேன். எல்லாம் முடிஞ்சதும் மூஞ்ச கழுவிக்கிட்டு வந்துருவேன். இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

"விழுந்து அடிபட்டா?"

"குளிக்கிறப்ப வழுக்கிடுச்சும்பேன்." கொஞ்சம் சிரித்தாள். "ஒரே தொல்ல என்னான்னா, இந்த ஊருல நெசமாவே முந்திரி வறுக்கறாங்க. எது அடுப்பு, எது என் மண்டைன்னு தெரிய மாட்டேங்குது. அதனால வாசன வந்தாலே ஓடிடறது. நாளுக்கு எத்தினி தடவ குளிப்பன்னு எங்க வூட்டுக்காரரு கேலி பண்றாரு."

நான் பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னேன். கம்பி ஒட்டுவது, விளக்கு எரிவது, ஜார்ஜின் பெண்டாட்டி எல்லாம் சொன்னேன். கண்ணை அகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "எனக்கு எரியுமா?" என்றாள். "உக்காந்து பாத்தாத்தான் தெரியும்" என்றேன். "அப்ப இப்பவே பாப்போம்" என்று உள்ளே ஓடிப்போய் வீட்டு டார்ச் லைட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "நீதான் மெஷினு. நான் அமைதியா இருந்தா எரிய வுடு. இல்லன்னா அணைச்சிரு."

என்ன கூத்து இது என்று தோன்றியது. ஆனாலும் செய்தேன். அவள் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிச் சுருக்கம் போய், தோள் இறங்கி, மூச்சு நிதானப்பட்டபோது டார்ச்சை எரியவிட்டேன். அவள் கண்ணில் ஒரு சிரிப்பு வந்ததும் அணைத்தேன். "ஏய், ஏன் அணைச்ச?" "சந்தோசப்பட்டில்ல, அதான்." "அட, சந்தோசப்படக் கூடாதா? எனக்கு ஏத்த வைத்தியந்தான்" என்று சிரித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். வெகுநேரம் அப்படியே விளையாடினோம். இதனால் ஒரு வலிப்புகூட நிற்காது என்று எனக்குத் தெரியும். மெஷின் பார்ப்பது மூளையை, நான் பார்த்தது மூஞ்சியை. அதையும் சொன்னேன். "மாத்திரைதான்டி முக்கியம். இது சும்மா." சரி சரி என்று தலையாட்டினாள்.

மாத்திரையை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடாகிவிட்டது. கயலின் பவுடர் டப்பாவுக்குள் கொஞ்சம் வைத்தாள். தீர்ந்தால்? தபாலில் வந்தால் வீட்டில் எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். அம்மாவிடம் கொடுத்து வைக்கலாம் என்றால், அவள் தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். "சாமிக்குக் குடுத்தது குடுத்ததுதான். நீ சீமையில என்னா வேணா படி" என்றாள். எனவே நான் கொண்டுபோனதோடு மாத்திரை முடிந்தது.

"நான் மாப்பிள்ளைகிட்ட பேசறேன்டி" என்று சொன்னதும்தான் தனத்தின் முகம் மாறியது. தூங்கிக்கொண்டிருந்த கயலின் தலையில் என் கையைப் பிடித்து வைத்தாள்.

"சத்தியம் பண்ணு. சொல்ல மாட்டேன்னு."

"பைத்தியமாடி நீ? சொன்னாத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போவ முடியும்."

"அனுப்பிட்டாங்கன்னா இந்தப் புள்ளைய எங்கிட்ட குடுக்க மாட்டாங்கக்கா. வெளக்கு வேணாம், சீமையும் வேணாம். எனக்கு இந்த வூடு போதும்."

சத்தியம் செய்துகொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

6

மறு வருஷம் தந்தி வந்து, டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது கருமாதிக்கு முந்தின நாள். அம்மா சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தாள். என்னைப் பார்த்து அழக்கூட இல்லை.

அக்கம்பக்கத்தில் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்றைக்குப் பக்கத்துத் தோப்பில் யாரோ முந்திரி வறுத்திருக்கிறார்கள். அந்த வாசனைக்கோ, தன் மண்டைக்குள் வந்த வாசனைக்கோ, தனம் குளிக்கிற அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருக்கிறாள். கிழவி வயலில் இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கூப்பிட்டிருக்கிறாள், தட்டியிருக்கிறாள், ஊரைக் கூட்டியிருக்கிறாள். கதவை உடைத்துப் பார்த்தபோது தனம் தண்ணீர்த் தொட்டியில் தலை கவிழ்ந்து கிடந்தாளாம்.

ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துத் திட்டுவதற்கென்றே விமானம் ஏறி வந்தவள் நான். முதலில் அம்மாவை, பிறகு ஒரு குடம் தண்ணீர் மொள்ளக்கூட அவளை விடாத மாமியாரை. மனசுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். சாயங்காலம் பந்தலில் ஆள் குறைந்ததும் செல்லம்மாள் அத்தை கயலை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நீ ஒண்ணும் மூடி மறைக்க வேணாம் வசந்தா. அவ வந்த மாசமே எனக்குத் தெரியும்."

"என்னா தெரியும் அத்தை?"

"பொடறியில சூடு போட்ட தழும்ப பாத்தேன். எங்கூடப் பொறந்தவனுக்கும் அதே எடத்துலதான் போட்டாங்க. அவன் கெணத்துல வுழுந்து செத்தான். அதான் இவள கெணத்தடிக்கே வுடல. அடுப்புக்கிட்ட வுடல. கோவிச்சுக்குவா. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், உசுரோட இருந்தாப் போதும்னு இருந்தேன்."

தூணோரமாக நின்றிருந்த ராஜேந்திரனைப் பார்த்தேன். லாரி ஓட்டுகிற பெரிய உடம்பு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"உங்களுக்கு?"

"தெரியும் அண்ணி. தூக்கத்துலயும் வரும் அவளுக்கு. காலையில அவளுக்கு ஞாபகம் இருக்காது."

"ஏன் அவகிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அவர் கட்டியிருந்த கையை எடுத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். "அதை மறைக்கறதுக்கு அவ எவ்வளவு பாடுபட்டா. தெரியும்னு சொன்னா கூனிக் குறுகிப் போயிருவா. வெக்கப்பட்டுக்கிட்டு உங்க வூட்டுக்குக் கெளம்பிட்டான்னா நான் என்னா பண்றது? நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம் டார்ச்ச வச்சிக்கிட்டு தோப்புல தனியா உக்காந்திருப்பா. தானே எரிய வுடுவா, தானே அணைப்பா. என்னா பண்றன்னு கேட்டா சும்மாம்பா. பேட்டரி தீந்துதுன்னா நான் வாங்கியாந்து போட்டு வச்சிருவேன். அதையும் நான் சொன்னதில்ல, அவளும் கேட்டதில்ல."

"அந்த ரூமு தாழ்ப்பாள புடுங்கிப் போட்டுருன்னு இவன்கிட்ட எத்தினியோ தடவ சொன்னேன்" என்றாள் அத்தை.

"சொல்லுச்சு. நான்தான் கேக்கல." ராஜேந்திரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "புடுங்கினா எதுக்குன்னு கேப்பா. நான் என்னான்னு சொல்லுவேன்?"

சுவரோரம் கிடந்த அம்மா அப்போதுதான் எழுந்து உட்கார்ந்தாள். அவள் காதிலும் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். சம்பந்தியைப் பார்த்துக் கையைக் கூப்பப் போனவள், பாதியிலேயே கையை இறக்கிவிட்டாள். நான் யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. என் தங்கையின் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்திருடி, வந்து கேளுடி இவர்கள் சொல்வதை என்று கத்த வேண்டும் போல இருந்தது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அவளை வைத்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் எத்தனை வருஷமானாலும் வைத்துக்கொண்டிருப்பார்கள். அது தெரியாமலே, தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று பயந்து பயந்து, தனம் கடைசி நாள்வரை கதவைச் சாத்திக்கொண்டாள்.